மிஸ் கோல் மோட்டருக்குச் சொந்தக்காரன்

கொட்டாஞ்சேனைச் சண்முகலிங்கத்தை நான் கள்ளன் என்றுதான் சொல்லுவேன். கோயிலில் சொன்னேன், நீதிமன்றத்தில் சொன்னேன், அவனுடைய கடை வாசலில் நின்று தெருவே கேட்கச் சொன்னேன். பாலேஸ்வரிக்கு வாய் நீளம் என்று கொழும்பு வெள்ளவத்தையில் பாதிப் பேர் கதைப்பார்கள். நீளம்தான். வாயே இல்லாத மனுசனைக் கட்டியவளுக்கு வாயும் நீளாவிட்டால் குடும்பம் உருப்பட்டமாதிரித்தான்.

என் மனுசன் சிவானந்தன். நாங்கள் ஸ்டேஷன் றோட்டில் போன் செய்கிறவர்கள். திருத்துகிறவர்கள் இல்லை, செய்கிறவர்கள். சீனாவிலிருந்து உள்பாகங்கள் ஒரு பெட்டியிலும் வெளிக்கூடு இன்னொரு பெட்டியிலுமாக வரும். இவர் இரண்டையும் பொருத்தி, தமிழ் எழுத்துள்ள பட்டன்களைப் போட்டு, பின்பக்கத்தில் ‘மயூரி’ என்று எங்கள் பெயரை ஒட்டுவார். பெரிய கொம்பனிப் போன் வாங்க வசதியில்லாத சனம் மயூரி வாங்கியது. கொட்டாஞ்சேனையில் சண்முகலிங்கம் அதே மாதிரிப் பொருத்தி ‘வேலா’ என்று விற்றான். போட்டிதான், ஆனால் பகையில்லை. இரண்டு பேரும் ஒரே கொன்ரெய்னரில் சாமான் எடுப்பார்கள், ஒருகொடவத்தைக் கொன்ரெய்னர் முற்றத்தில் இறக்கிப் பங்கு பிரிப்பார்கள். வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் அவன் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனதில்லை. என் கையால் எத்தனை பிட்டு, எத்தனை சொதி! பாம்புக்குப் பால் வார்த்த கதை.

அந்த நாட்களில் வெள்ளவத்தைப் பிளற்றுகளில் குடியிருந்தவர்களுக்குத் தண்ணீர் படுத்திய பாடு தெரியும். மோட்டர் கீழே, தாங்கி மொட்டை மாடியில். தலையில் சவர்க்காரத்தோடு நிற்கும்போது குழாய் இருமிவிட்டு நின்றுவிடும். யாராவது கீழே இறங்கிப் போய் மோட்டர் போடவேண்டும். லிப்ற் வேலை செய்யாது, வோச்சர் நித்திரை. ஒருநாள் நான் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்று கத்திய கத்தில்தான் இவர் வேலையில் இறங்கினார். மோட்டருக்குப் பக்கத்தில் ஒரு மயூரிப் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மேலே இருந்து அதற்கு ஒரு மிஸ் கோல் கொடுத்தால் மோட்டர் ஓடும். இன்னொரு மிஸ் கோல் கொடுத்தால் நிற்கும். மிஸ் கோலுக்குக் காசில்லைதானே, எங்கள் சனத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பிளற்றுக்குப் பிளற்று கேட்டு வாங்கினார்கள்.

முதல் பெட்டியை அந்த வருடச் சரஸ்வதி பூசையில் கும்பத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டோம். எங்கள் ஆட்களின் சங்கதி தெரியும்தானே. கலியாணமோ செத்தவீட்டு அந்தியேட்டியோ, வீடியோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பாவிட்டால் அது நடந்ததாகவே கணக்கில்லை. இவருடைய தமையன் ரொறன்ரோவில் இருக்கிறார். அவருக்கு அனுப்புவதற்காக இதையும் எடுத்தோம். மோட்டரைப் பூசை அறைக்குத் தூக்க முடியாதென்று பெட்டியில் ஒரு பல்பைப் பூட்டினார். பிறகு கடற்கரைப் பக்கம் நடந்து போய் அங்கே நின்று மிஸ் கோல் அடித்தார். கும்பத்துக்கு முன்னால் பல்பு பற்றியது. எல்லோரும் கைதட்டினோம். சண்முகலிங்கமும் வந்திருந்தான். வாய் நிறைய அவலோடு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும், என்ன தேய்ந்தா போய்விடும் என்று நாங்களும் விட்டோம்.

அடுத்த வருடம் ஒரு லோயரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. தொலைபேசி அழைப்பினால் நீர் மோட்டரை இயக்கும் கருவிக்கான ஆக்கவுரிமை, அதாவது பேற்றன்ற், கொட்டாஞ்சேனைச் சண்முகலிங்கத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறதாம். மயூரிக்காரர் அதைச் செய்வதையும் விற்பதையும் உடனே நிறுத்தவேண்டுமாம். களவெடுத்தவன் வீட்டுக்காரனுக்கு நோட்டீஸ் அனுப்புகிறான்! இப்படி ஒரு கூத்தை எந்த நாட்டில் கண்டீர்கள்?

இவர் அதை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி, விடும் பாலேஸ். வேற ஏதும் செய்வம்,” என்றார்.

“விடுறதோ? நீங்கள் விடுங்கோ. நான் விடமாட்டன்,” என்று சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போகிற மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன்.

அவனுடைய கடையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையார் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் ஆக்கவுரிமைச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, மாலையும் போட்டு, சுற்றிவர மின்னுகிற குட்டிப் பல்புகளும் கட்டியிருந்தான். சாம்பிராணி வேறு.

“டேய் சண்முகலிங்கம், வெளியில வாடா!”

“அக்கா, உள்ளுக்கு வாங்கோ. ரீ குடிச்சுக் குடிச்சுக் கதைப்பம்.”

“உன்ர ரீயைக் கொண்டுபோய் நாய்க்கு ஊத்து. ஆற்ற சாமானை ஆற்ற பேரில எழுதினனீ?”

“பேற்றன்ற் எண்டது போய்ப் பதியிறவனுக்குத்தான் அக்கா. அண்ணையும் பதிஞ்சிருக்கலாம்தானே. ஆர் மறிச்சது?”

“என்ர வீட்டு அவலைத் திண்டுகொண்டு பாத்திட்டு வந்து செய்தனீ!”

“பாத்தாப்போல ஆச்சே? என்ர மூளையும் வேலை செய்யும்.”

“உன்ர மூளை! பற்றறி எந்தப் பக்கம் போடுறதெண்டு உனக்குக் காட்டித் தந்ததே என்ர மனுசன்தானடா, நாசமறுவானே!”

எதிர்க்கடைச் சிங்கள முதலாளி, என்ன நடந்ததென்று, “மொகத அக்கே, மொகத?” என்று கேட்டபடி ஓடிவந்தார். சண்முகலிங்கத்தைக் காட்டி “ஹொரா!” என்றேன். சிங்களத்தில் கள்ளனுக்கு அதுதான் சொல். அன்றைக்கு நான் எந்தப் பாஷையிலும் சொல்லத் தயாராக இருந்தேன்.

கொட்டாஞ்சேனையிலேயே பிறிஜெற் மிஸ் என்று ஒரு லோயர் இருந்தார். அவரிடம் போனேன். களவெடுத்துப் பதிந்தது என்று நிரூபித்தால், நீதிமன்றம் ஆக்கவுரிமையை இவருடைய பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் என்றார். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, இந்தக் காலத்தில போனையும் வயரையும் பற்றிக் கோட்டில போய்க் கதைக்கிறது… கொஞ்சம் யோசியுங்கோ.”

“காலம் எப்ப மிஸ் எங்களுக்கு நல்லா இருந்தது? நல்ல காலம் வருமட்டும் கள்ளனை அனுபவிக்க விடுறதோ?”

என்னில் பிழை என்று நினைக்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். சண்டைக் காலம், கொழும்பு லொட்ஜுகளில் இருந்த எங்கள் தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பிய வருடம் அது. சந்திக்குச் சந்தி மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். வீட்டில் ஆர் இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து “ஓம் சேர், ஓம் சேர்” என்று நின்ற சனம் நாங்கள். இந்த ஒன்றிலாவது நிமிர்ந்து நின்று எங்களுடையது என்று சொல்ல எனக்கு ஆசையிருந்தது. அதில் என்ன பிழை?

சாட்சி சேர்த்தேன். சும்மா இல்லை, ஓடி ஓடிச் சேர்த்தேன். மோட்டர் போன் பூட்டிய பிளற்றுக்காரர்களிடம் இதைச் செய்தவர் சிவானந்தன்தான் என்று சத்தியக்கடதாசி வாங்கினேன். கருவி எப்படி வேலை செய்கிறதென்று இவரைக்கொண்டு படம் போட்டு எழுதுவித்தேன். அதைச் சிங்களத்திலும் இங்கிலிஷிலும் மொழிபெயர்த்தேன். ரொறன்ரோ மைத்துனரைப் போனில் பேசிப் பேசி அந்தச் சரஸ்வதி பூசை வீடியோவை எடுப்பித்தேன். இவ்வளவு சாட்சியோடு ஒரு வழக்கைத் தான் கண்டதில்லை என்று பிறிஜெற் மிஸ்ஸே சொன்னார். இவர் கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் அவரை ஒன்றும் கேட்கவில்லை, எங்கே நேரம்?

நீதிமன்றத்தில் அந்த வீடியோவைப் போட்டார்கள். கும்பம் தெரிந்தது, பெட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால் வாய் நிறைய அவலோடு சண்முகலிங்கமும் தெரிந்தான். பல்பு பற்றியபோது வீடியோவுக்குள் என் குரல், “எங்கையோ நிண்டு அடிக்க இஞ்சை பத்துது பாருங்கோ!” என்று கத்தியது. நீதிபதி சிரித்தார். சண்முகலிங்கத்தின் லோயர் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த தவணைக்குத் தீர்ப்பு எங்கள் பக்கம்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அந்தத் தவணைக்கு முன்னர் நகரத்தில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. சனம் செத்தது. போனில் அழைத்து வெடிக்க வைத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. போன் கடைக்காரர் எல்லோரையும் சோதித்தார்கள். கொட்டாஞ்சேனையில் சோதித்தவர்கள், மாலையும் மின்னுகிற பல்புமாகத் தொங்கிய அந்தச் சான்றிதழை வாசித்தார்கள். வாசித்துவிட்டுச் சண்முகலிங்கத்தை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செய்தி வந்ததும் நான் நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். உண்மையைச் சொன்னால் என்ன, எனக்குச் சந்தோசமாக இருந்தது. அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், எங்கள் பிள்ளையார் நிற்கவுமில்லை. தேங்காய்ப் பாதியைக் கொண்டுவந்து துருவிக்கொண்டிருக்கும்போது இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“அவனை ஏன் பிடிச்சவங்கள் எண்டு யோசிச்சீரே?”

“கள்ளன். பிடிச்சவங்கள்.”

“கள்ளன் எண்டு பிடிக்கேல்லை பாலேஸ். செய்தவன் எண்டு பிடிச்சவங்கள்.”

தேங்காயைத் துருவலையில் விட்டுவிட்டு எழும்பினேன். கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்ட கதை கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டுக் கிணற்றை நான்தான் வெட்டிக்கொண்டு இருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. அப்படியே பிறிஜெற் மிஸ்ஸுக்கு எடுத்தேன்.

“மிஸ், வழக்கு வேண்டாம். அந்தக் கோதாரியை அவனே வைச்சிருக்கட்டும்.”

“நானே சொல்ல இருந்தனான் அக்கா. தவணை அண்டைக்கு வாபஸ் எண்டு சொல்லுறன். அதுவரைக்கும் வாயைத் திறவாதேங்கோ,” என்றார் மிஸ்.

தவணை நாளன்று சண்முகலிங்கம் வந்தான். விட்டிருந்தார்கள். ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தான், நடக்கும்போது ஒரு காலை இழுத்தான். பாவம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான். பின் வாங்கில் கோடு போட்ட சேர்ட்டோடு ஒருவர் வந்து இருந்தார். அவருக்கு எந்த வழக்கும் இல்லை, சிஐடிக்காரர் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

பிறிஜெற் மிஸ் எழும்புவதற்கிடையில் மற்றப் பக்கத்து லோயர் எழும்பிவிட்டார். தன்னுடைய கட்சிக்காரர் ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறார் என்றார். சண்முகலிங்கம் கூண்டில் ஏறினான். அழுதான். நடிப்பு என்று சொல்லமாட்டேன், உண்மையாகவே அழுதான்.

“ஐயா, நான் பொய் சொன்னனான். அது என்ர இல்லை. எல்லாம் சிவானந்தன் அண்ணையின்ர மூளை. எனக்கு அதுக்குள்ள ஒரு வயரும் தெரியாது. நான் களவெடுத்தனான். பேற்றன்றை அவருக்கே குடுங்கோ.”

ஒரு வருடமாக நான் கேட்கத் தவம் கிடந்த வார்த்தைகள் அத்தனையும் அவன் வாயால் வந்தன. ஒன்றையும் அவன் குறைத்துச் சொல்லவில்லை. நான் பின் வாங்கைத் திரும்பிப் பார்த்தேன். பிறிஜெற் மிஸ் “கனம் நீதிபதி அவர்களே, நாங்கள் வழக்கை…” என்று தொடங்கினார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிற்பாட்டினார். இந்த வழக்கில் எல்லோரும் கதைத்துவிட்டார்கள், கருவியைச் செய்த மனிதரின் குரலைத்தான் தான் இன்னும் கேட்கவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். இவரைப் பார்த்து, நீங்களா செய்தீர்கள் என்று நேரே கேட்டார். அவருடைய முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

நான் இவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். “இல்லையெண்டு சொல்லுங்கோ. இஞ்சருங்கோ, உங்களைக் கும்பிட்டன், இல்லையெண்டு சொல்லுங்கோ!”

இவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். எழும்பினார்.

“ஒவ் சேர். மம தமய் ஹெதுவே,” என்றார். ஓம் ஐயா, நான்தான் செய்தேன் என்று.

அதோடு நின்றாரா? நாலு சொல்லுக்கு மேல் கதைக்காத மனுசன் அன்றைக்குக் கதைத்தார், கதைத்தார், அப்படிக் கதைத்தார். மணி அடிக்கும்போது போனுக்குள் என்ன நடக்கிறது, அது எப்படி மோட்டரைத் தட்டி எழுப்புகிறது, முதல் இரண்டு தரம் ஏன் பிழையாய்ப் போனது, எல்லாம் சொன்னார். நீதிபதி தன் வீட்டுத் தாங்கிக்கும் பூட்டலாமா என்று கேட்டார். இவர் சிரித்துக்கொண்டு, எத்தனை மாடி என்று திருப்பிக் கேட்டார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. பின் வாங்குக்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்தது. வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தில் இவரை அடித்திருப்பேன்.

“விசரே உங்களுக்கு? ஏன் சொன்னனீங்கள்? ஆருக்காகச் சொன்னனீங்கள்?”

“ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே பாலேஸ், இவ்வளவு நாளும். இண்டைக்குத்தான் கேட்டவை. கேட்டாப்பிறகு எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் நின்ற வாகனத்தின் கதவு திறந்தது. “ஐயா, கொஞ்சம் வந்திட்டுப் போங்கோ,” என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். இவர் செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு ஏறினார்.

இவரைத் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். நான் ஏறாத படியில்லை. மந்திரிமாருடைய வீடுகளுக்குப் போனேன், செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனேன். இவரைப் பார்க்க விட்டபோது வலது கையை உடுத்திருந்த சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு, பிளற்றில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். நான் அந்தக் கையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டவில்லை.

பிறிஜெற் மிஸ் ஒருநாள் மறைக்காமல் சொன்னார். “அக்கா, அவையின்ர பைலுக்குள்ள இருக்கிறதெல்லாம் நாங்கள் குடுத்தது. வீடியோ, படம், சத்தியக்கடதாசி, தீர்ப்பு. இவர்தான் செய்தவர் எண்டு கோட்டே சொல்லிப்போட்டுதெண்டு அவை காட்டுகினம். அதை உடைக்கிறதெண்டால் ஒராள்தான் உடைக்கலாம்.”

ஆர் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறினேன்.

சண்முகலிங்கம் இப்போது குடையும் பிளாஸ்ரிக் வாளியும் விற்றான். கடையில் ஒரு போன்கூட இல்லை. என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். பயந்துவிட்டான், வழக்கம்போலக் கத்தப் போகிறேன் என்று.

“தம்பி,” என்றேன். “இருங்கோ தம்பி. சண்டைக்கு வரேல்லை.”

அவனை நீங்கள் என்று அழைப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. நாக்கு கூசியது. இருந்தாலும் சொன்னேன்.

“பயத்தில கோட்டில பொய் சொன்னனான் எண்டு ஒரு கடதாசி குடுங்கோ. அந்தச் சாமான் உங்கட எண்டு சொல்லுங்கோ. சீனாக்காரன்ர புத்தகத்தில பாத்துச் செய்தனான் எண்டு சொல்லுங்கோ, உங்களை ஒண்டும் செய்யாங்கள். மிஸ் எல்லாம் எழுதித் தருவா.”

“அக்கா, ஏலாது அக்கா. என்னை உள்ளுக்கு வைச்சு…” அவன் காதைத் தொட்டான். “உங்களுக்குத் தெரியாது.”

“தெரியும் தம்பி. அண்ணை கையை ஒளிச்சு வைச்சுக்கொண்டு இருந்ததைப் பாத்திட்டு வந்தனான்.”

அவன் வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கடைப் படியில் முழங்காலில் இருந்தேன். தெருவில் போன சனம் நின்று பார்த்தது. பார்க்கட்டும்.

“ஒரு வருசம் முழுக்க என்ர எண்டு சொன்னனீங்கள்தானே. திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டன் தம்பி, திரும்ப ஒருக்காக் களவெடுங்கோ.”

அவனுடைய கண் கலங்கியதைக் கண்டேன். பிறகு சட்டரின் கொழுக்கித் தடியைக் கையில் எடுத்தான்.

“நான் களவெடுத்ததெண்டு நீங்கள்தானே அக்கா ஊர் முழுக்கச் சொன்னனீங்கள். கடைசியில நான் உண்மையைச் சொன்னனான். இனி என்னைப் பொய் சொல்லச் சொல்லாதேங்கோ.”

சட்டர் என் முகத்துக்கு முன்னால் இறங்கியது. கையால் அடித்தேன், கத்தினேன், எனக்குத் தெரிந்த வசை எல்லாவற்றையும் அந்தத் தகரத்துக்குச் சொன்னேன். ஆனால் அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைக்கத்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது.